எண்ணெய்க் கொட்டகையில் ஒரு கோல்கீப்பர்

ஜூலை 8, செவ்வாய்.
நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. முப்பது ஷாட்டில் இருபத்தேழைத் தடுத்ததாக எழுதியிருக்கிறேன். இருபத்தாறுதான். ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கம்பம் தடுத்ததை நான் தடுத்ததாக எழுதக் கூடாது. திருத்திவிட்டேன்.

இவ்வளவையும் எழுதி, இருபத்தேழின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் இருபத்தாறு என்று போட்டு, அதற்கும் ஒரு சின்னக் கையெழுத்து வைத்தாள் கிருபா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அங்கே தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. அடித்துக் கையெழுத்துப் போட்டுச் சரியானதை எழுதவேண்டும். தென்காசியில் காலை எட்டிலிருந்து நாலு வரை ஊராரின் சர்க்கரையையும் உப்பையும் எழுதுவாள். ஐந்தரைக்கு மேலகரத்தில் மாலை வகுப்பு. அது முடிந்து வீட்டுக்கு வந்து தன்னுடையதை எழுதுவாள்.

மாலை வகுப்பு என்றால் பெஞ்சும் கரும்பலகையும் இல்லை. மூடிக் கிடக்கும் அரிசி ஆலையின் சிமென்ட் களம். நெல் காய்ந்த இடத்தில் இப்போது பதினோரு பெண்கள் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு ஹாக்கி ஆடுகிறார்கள். வேகமாக ஓடத் தெரிந்தவர்கள் முன்னால் நிற்பார்கள். விழுவதற்குப் பயப்படாதவளைக் கோலில் நிறுத்துவார்கள். மூன்று வருடமாகக் கோலில் நிற்பவள் கிருபா. இருபத்தொரு வயதில் அவளுக்கு எதற்கும் சந்தேகம்தான்; விழுவதில் மட்டும் சந்தேகம் கிடையாது.

அன்று சாயங்காலம் மெஹர் பானு களத்துக்குள் சக்கரத்தோடு பறந்து வந்தாள். கடையநல்லூர்க்காரி, அணியிலேயே கடுமையாக அடிக்கிறவள். துபாயில் இரண்டு வருடம் பள்ளிக்கூடம் படித்தபோது அங்குள்ள மாலில் உண்மையான ஐஸில் சறுக்கியவள். அந்தக் களத்திலேயே ஐஸைக் காலால் தொட்டது அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு ஐஸ் என்றால் சர்பத்தில் மிதப்பது, இல்லாவிட்டால் மீன்பெட்டியில் கிடப்பது.

"ஏட்டி கிருபா, இதப் படி. மூச்சு விடாமப் படி," என்று போனை நீட்டினாள்.

இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணியின் முகாம் லடாக்கில், லே நகரின் செயற்கை ஐஸ் அரங்கில் தொடங்கப் போகிறது. இரண்டு கோல்கீப்பர்கள் இருக்கிறார்கள். மூன்றாமவளுக்கு முழங்காலில் அடி. அவள் இடத்துக்குச் சக்கர ஹாக்கி ஆடுகிறவர்களும் வீடியோ அனுப்பலாம். கடைசி நேரம் ஞாயிறு பகல் பன்னிரண்டு. முதலில், கோலின் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை ஆறடி தூரம், முழங்கால் பேடு தரையில் படிய வழுக்கிப் போகவேண்டும்; பத்து முறை, ஒவ்வொன்றும் ஒரு வினாடிக்குள். அதே வீடியோவில், நடுவில் வெட்டாமல், இருபது ஷாட். பதினாறையாவது தடுத்திருக்க வேண்டும். எத்தனை தடுத்தது, எந்தத் தரை என்பதை எழுதி அனுப்பவேண்டும்.

கிருபா இரண்டு தடவை படித்தாள். "நீ அனுப்பலையா?"

"எனக்குப் போன வருசமே 'நன்றி, வாழ்த்துகள்'னு மெயில் வந்துட்டுல்லா. முன்னால நிக்க லடாக்குல ஆள் கெடக்கு. கோலுக்குத்தான் ஆள் இல்ல. நீ போ."

"சிமென்ட்டுல வழுக்க முடியாதே."

"அதான் ஒரே பிரச்சினையா? பொறவு என்ன, வழுக்குத எடத்தத் தேடு."

தேடினாள். முறையாகத் தேடினாள். டைரியில் நாலு கட்டம் போட்டாள்: தரை, தூரம், நேரம், குறிப்பு. புதன்கிழமை காலை வீட்டு ஹாலின் டைல்ஸில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வழுக்கியதில் நாலடியோடு நின்றுவிட்டது. குறிப்பு என்ற கட்டத்தில் அவள் எழுதாமல் விட்டது, அம்மா சொன்னது: "குத்தாலத்துல வெள்ளம் பத்தாதுன்னு வீட்டுக்குள்ளயும் கொண்டாந்துட்டியா?" அன்று மாலை ஆலையின் உள்ளறையில் கேரம் பவுடரைக் கொட்டினார்கள். ஐந்தடி, 1.6 வினாடி, பதினோரு பேருக்கும் தும்மல். வியாழன் காலை கல்யாண பேனர் ஒன்றை விரித்துத் தண்ணீர் தெளித்தார்கள். மணமக்கள் படத்தோடு பேனரும் கூடவே வந்தது.

ஒவ்வொரு வரியும் எழுதும்போது கிருபாவுக்கு ஒரே நினைப்பு. ஆறடிகூட வழுக்கத் தெரியாதவள் நாட்டுக்கு ஆடப் போகிறாளாம். அதையும் டைரியில் எழுதினாள். அது கணக்கில் வராது என்று தோன்றியதால் அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழன் மாலை வகுப்பு இல்லை. சாரல் களத்தை நனைத்திருந்தது. மெஹரின் மாமா குடும்பம் விடுமுறையில் வந்திருந்தது. எல்லோரும் ஐந்தருவிக்குக் குளிக்கக் கிளம்ப, மெஹர் கிருபாவையும் இழுத்துக்கொண்டு போனாள். பெண்கள் குளித்து முடித்துத் தலை துவட்டியபடி, ஆண்களுக்காக, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் நல்லதம்பி அண்ணாச்சியின் எண்ணெய்க் கொட்டகை வாசலில் காத்திருந்தார்கள். கொட்டகையின் தார்ப்பாய்த் திரை பாதி விலகியிருந்தது.

உள்ளே ஒரு கனத்த ஆள், எண்ணெய் தேய்த்து முடித்து, உடம்பெல்லாம் மினுமினுக்க எழுந்து துண்டை எடுக்கத் திரும்பினார். கால் போயிற்று. உட்கார்ந்த வாக்கிலேயே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார். எல்லோரும் அவரைத் தூக்க ஓடினார்கள். கிருபா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மெஹர், ஆறடிக்கு மேல இருக்கும். ஒரு செகண்டு ஆகல."

"ஏட்டி, மனுசன் விழுந்து கெடக்காரு."

"ஒண்ணும் ஆகல. சிரிக்காரு பாரு."

சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கூட்டம் கலைந்ததும் கிருபா அண்ணாச்சியிடம் போய், எதை முதலில் சொல்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னாள். லடாக், கோல், ஆறடி, ஞாயிறு பகல் பன்னிரண்டு. அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஐம்பது வயது, கயிறுபோல் முறுக்கிய தோள்.

"ஐஸ்ல ஆடுத வெளையாட்டுக்கு எண்ணெய்ல பழகணும்னு சொல்லுத. அப்படித்தானே?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்ல கதையா இருக்கே. முப்பது வருசத்து நல்லெண்ண இந்தக் கல்லுக்குள்ள எறங்கிருக்கு தாயி. ஈ உக்காந்தாலும் சறுக்கும். ஆனா இது ஆம்பளயளுக்கு எண்ண தேய்க்கிற எடம். அருவியில குளிக்க விடுத வரைக்கும் இங்கன ஆள் இருந்துக்கிட்டேதான் இருக்கும். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டாத்தான் கொட்டகை காலி. எண்ணயத் தேச்சிட்டுக் குளிக்காம எவன் ஊருக்குப் போவான்?"

"அப்ப தடை போட்டா நாங்க வரலாமா?"

"வா. பெத்தவங்ககிட்டச் சொல்லிட்டு வா."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே அண்ணாச்சி போன் போட்டார். மலையில் மழை, தடை. மெஹரின் ஸ்கூட்டரில் பேடும் மட்டையும் கட்டிக்கொண்டு போனார்கள். கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் மும்மூன்று எண்ணெய் டின்னை அடுக்கினார்கள். கிருபா முழங்காலிட்டுக் காலை உதைத்தாள். சக்கரக் காலணி நின்ற இடத்திலேயே சுற்றியது. ஐஸில் காலணியின் கத்தி விளிம்பு பிடித்துத் தள்ளும். எண்ணெயில் பிடிக்க ஒன்றுமில்லை. மெஹர் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினாள். கிருபா கோலைத் தாண்டி, டின்களை உருட்டி, தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து, வெளியே மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் முன்னால் போய் நின்றாள்.

"பஜ்ஜி வேணுமாம்மா?" என்று கேட்டார் அந்தக் குடும்பத் தலைவர்.

மெஹர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிருபா சிரிக்கவில்லை, அண்ணாச்சியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வழுக்குத் தரையில் நாள் முழுக்க நின்று, ஆட்களை அழுத்தி, உருட்டித் தேய்க்கிற மனிதர் எப்படி விழாமல் இருக்கிறார்? காலடியில் ஒரு சாக்கு, ஈரச்சாக்கு.

"அண்ணாச்சி, அந்தச் சாக்கு நகராதா?"

"அடியில ஒரு கை மணலு போட்டிருக்கேம்லா. சாக்கு இல்லன்னா நானும் உன் கூட பஜ்ஜி தின்னுக்கிட்டிருப்பேன்."

இரண்டு கம்பத்தின் ஓரத்திலும் மணல் தூவி, ஈரச்சாக்கை நாலாக மடித்துப் போட்டார்கள். காலணியை மடிப்பில் ஊன்றி உதைத்தாள். பேடு கல்லில் படிந்து, சத்தமே இல்லாமல் மறு கம்பத்தின் சாக்கில் போய் முட்டி நின்றது. மெஹர் போனைப் பார்த்தாள். 0.8.

"இதுதாண்டி ஐஸ்," என்றாள் மெஹர். "சத்தியமா இதுதான். தள்ளுனா நிக்காமப் போகும், இதே மாதிரிதான்."

இன்னும் நாலு முறை போனாள். 0.8, 0.9, 0.8, 0.8. அதற்குள் வெளியே போலீஸ் விசில். தடை விலகியது. துண்டைத் தோளில் போட்டபடி பத்துப் பேர் வாசலில் நின்றார்கள். வீடியோ எடுக்கவில்லை.

சனிக்கிழமை பளீரென்று வெயில். அருவி அளவாக, அழகாகக் கொட்டியது. கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே கிருபா வேலை செய்தாள். ஒரு ட்யூபில் நேரம் எழுத மறந்து திரும்ப எழுதினாள். சாயங்காலம் ஜெபிக்கும்போது ஒரு சங்கடம் வந்தது. வெள்ளம் வரவேண்டும் என்று கேட்கலாமா? எத்தனை ஊரிலிருந்து எத்தனை குடும்பம் குளிக்க வந்திருக்கும். கடைசியில், ஒரு மணி நேரம் மட்டும், யாருக்கும் சேதமில்லாமல், என்று கேட்டாள். அதையும் டைரியில் எழுதினாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மணி ஒன்பது. போன் அதிர்ந்தது.

"தாயி, தடைன்னு விசில் ஊதிட்டாங்க. மேல நல்ல மழை. ஓடியா," என்றார் அண்ணாச்சி.

தென்காசியிலிருந்து ஐந்தருவி வரை வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. பேடும் மட்டையுமாக வந்து அவளை ஏற்றிக்கொண்ட மெஹர் ஸ்கூட்டரை ஓடை ஓரத்திலும் கடை ஓரத்திலும் நுழைத்தாள். கொட்டகையை அடைந்தபோது மணி பத்து. அண்ணாச்சி தரையைக் கழுவி, புது நல்லெண்ணெயை ஒரே சீராகத் தடவி, சாக்கு மணல் எல்லாம் தயாராக வைத்திருந்தார். தடையால் குளிக்க முடியாமல் சுற்றித் திரிந்த கூட்டம், இங்கே என்னவோ நடக்கிறது என்று வாசலில் சேர்ந்துவிட்டது. போனை அலமாரியில் இரண்டு எண்ணெய்ப் பாட்டிலுக்கு நடுவில் செருகினார்கள்.

முதல் முயற்சியில் ஏழாவது வழுக்கலில், ஒரு பெரியவர் நேரே உள்ளே வந்து, "இங்கன பாத்ரூம் எங்க இருக்கு?" என்றார். வெட்டக் கூடாது, முதலிலிருந்து தொடங்கவேண்டும். அண்ணாச்சி வாசலில் போய்க் கையை விரித்து நின்றுகொண்டார்.

இரண்டாம் முயற்சி. பத்து வழுக்கலும் முடிந்தன, பத்தும் வினாடிக்குள். கூட்டம் கூடவே எண்ணியது. பிறகு மெஹர் எதிர்ச்சுவர் ஓரம் தன் சாக்கில் ஏறி நின்று, கறுப்பு ரப்பர் வட்டுகளை ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினாள். பேடில் ஒன்று, கிளவுஸில் ஒன்று, மட்டையில் ஒன்று. ஒன்று உள்ளே. அருவியின் இரைச்சலை மீறி வாசலில் எண்ணிக்கை ஏறியது. பதினொன்று, பன்னிரண்டு. இடப்பக்கக் கீழ்மூலையில் இன்னும் இரண்டு உள்ளே போயின. கிருபாவின் கண்ணில் எண்ணெயும் வியர்வையும். பதினெட்டாவது ஷாட் அவளைத் தாண்டிப் போய் டின்னில் பட்டு, டங்கென்று திரும்பியது. கூட்டம் அதையும் சேர்த்து எண்ணியது. பத்தொன்பதாவது உள்ளே. இருபதாவதை மார்பில் வாங்கினாள்.

"பதினாறு," என்று கூட்டமே கத்தியது. முன்பின் தெரியாத ஒரு அம்மாள் அவளுக்கு முறுக்குப் பொட்டலம் கொடுத்தாள்.

மெஹர் அனுப்புவதற்கான படிவத்தைத் திறந்தாள். "தடுத்தது, பதினாறு. தரை, செயற்கை ஐஸ்னு போடவா?"

"போனைத் தா."

கிருபா தட்டினாள். தடுத்தது: 15. கம்பத்தில் பட்டது: 1. தரை: நல்லெண்ணெய் தடவிய கருங்கல்.

மெஹர் அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி, உனக்குப் பைத்தியமா? பதினாறு வேணும்னு கேட்டிருக்கான். ஊரே பதினாறுன்னு எண்ணிருக்கு."

"டின்னு தடுத்தது மெஹர். அங்க போயி டின்ன நிப்பாட்டவா?"

"இன்னொரு தடவ எடுப்போம்."

அப்போதுதான் வெளியே விசில் கேட்டது. தண்ணீர் குறைந்துவிட்டது, குளிக்கலாம். வாசல் கூட்டத்தில் பாதி அருவிக்கு ஓடியது, மீதி துண்டோடு கொட்டகைக்குள் ஏறியது. மணி பதினொன்று. கிருபா அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அந்த நெரிசலில் வீடியோ போய்ச்சேர இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு மூலையில் பேடோடு உட்கார்ந்து முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். தின்னவில்லை. மெஹர் முதுகைத் திருப்பிக்கொண்டு வட்டுகளைப் பொறுக்கினாள். அதுதான் பெரிய ஏச்சு.

பதினொன்று நாற்பதுக்குப் புது எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. கட்டையான முடி, வெயிலில் கறுத்த கன்னம். முகாமின் கோல்கீப்பர் பயிற்சியாளர் திஸ்கெட் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். நிதானமான ஆங்கிலம். முதல் கேள்வி: அது உண்மையிலேயே எண்ணெயா?

உண்மை என்றாள் கிருபா. திஸ்கெட் சிரித்தார். ஏரி உறையாத மாதங்களில் தாங்களும் எதில் எதிலோ வழுக்கியிருக்கிறோம், எண்ணெய் மட்டும் தோன்றவில்லை என்றார். பிறகு முகம் மாறியது. பதினைந்து என்று எழுதியிருக்கிறாய், பதினாறு வேண்டும் என்று தெரியுமல்லவா?

"தெரியும்," என்றாள் கிருபா.

கம்பத்தில் பட்டதைத் தடுத்ததாக எண்ணக் கூடாது, அது சரி, என்றார் திஸ்கெட். ஆனால் கோலுக்கு வந்த ஷாட்டாகவும் அதை எண்ணுவதில்லை. ஆக நீ சந்தித்தது பத்தொன்பது ஷாட். எனக்கு இன்னும் ஒன்று பாக்கி. பன்னிரண்டுக்கு இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது. இப்போது, நான் பார்க்க, எடு.

கிருபா கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். தரையில் ஏழு பேர் எண்ணெயில் ஊறிக் கிடந்தார்கள்.

"அண்ணாச்சி," என்றாள்.

அண்ணாச்சி ஒரு முதுகில் வைத்த கையை எடுத்தார். நடந்ததை மெஹர் நாலே வார்த்தையில் சொன்னாள்: "இன்னும் ஒரே ஷாட், அண்ணாச்சி."

"எல்லாரும் எந்திரிங்க. துண்டக் கட்டிக்கிட்டு அந்தச் சுவத்தோரம் போங்க," என்றார் அண்ணாச்சி. "பிள்ள இந்தியாவுக்கு ஆடப் போவுது."

"எண்ண காஞ்சிரும்லா," என்றார் ஒருவர்.

"காஞ்சா திரும்பத் தேய்ப்பேன். எந்திரிங்க."

ஏழு பேரும் துண்டோடு எழுந்து, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, சுவரோரம் மினுமினுக்க வரிசையாக நின்றார்கள். டின்களை அடுக்கினார்கள். போனை அண்ணாச்சி வாங்க, அது அவர் கையிலிருந்து மீன்போல் துள்ளியது. வழியிலேயே பிடித்துத் துண்டில் சுற்றிக் கோலைப் பார்க்கத் திருப்பினார்.

மெஹர் தன் சாக்கில் ஏறினாள்.

"சும்மா அடிக்காத," என்றாள் கிருபா.

"உனக்கு எவ சும்மா அடிப்பா?"

கிருபா வலக்கம்பத்தின் சாக்கில் காலை ஊன்றினாள். அவளுக்குத் தெரியும், மெஹருக்கும் தெரியும்: கிருபாவின் காவலில் ஓட்டை இடப்பக்கக் கீழ்மூலை. ஜூன் மாதம் வாங்கிய முப்பத்தோரு கோலில் இருபத்திரண்டு அங்கேதான். அதே பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதியிருந்தாள், சும்மா கவனித்து எழுதியது. அதை நம்பலாமா? ஐந்து நாள் பார்த்ததை வைத்து நம்பலாமா? சந்தேகப்பட நேரமில்லை. மெஹர் வட்டை இழுத்தாள். மட்டையின் நுனியால் தரையை ஒருமுறை, மெதுவாக, தட்டினாள்.

கிருபா உதைத்தாள். வட்டு இன்னும் கிளம்பவில்லை. அவள் முதலில் கிளம்பினாள். பேடு எண்ணெயில் படிந்து, கருங்கல் அவளை ஏந்திக்கொண்டு போயிற்று. வட்டு தாழ்வாக, நேராக, மூலையைக் குறிவைத்து வந்து, ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்த அவள் இடது பேடில் பட்டு விழுந்தது.

ஏழு பேரும் கைதட்டினார்கள்; எண்ணெய்க் கையில் தட்டினால் வருகிற சப்பென்ற சத்தம்.

துண்டுக்குள்ளிருந்து திஸ்கெட்டின் குரல் வந்தது. பதினாறு. முகாமுக்குப் பத்து நாள் வா. அணியில் எடுப்பதா என்று ஐஸில் பார்த்த பிறகுதான் சொல்வேன். இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன். இருபத்தொன்றாம் தேதி லேயில் இருக்கவேண்டும். பிறகு, அந்தப் பேடோடு என் ஐஸில் கால் வைக்காதே, முதலில் எண்ணெயைப் போக்கு.

அழைப்பு முடிந்தது. மெஹர் தன் சாக்கை விட்டு இறங்கிக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தாள். சாக்கை விட்டு இறங்கக் கூடாது என்பதை மறந்துவிட்டாள். இரண்டு பேரும் டின்களுக்கு நடுவில் விழுந்து, விழுந்த இடத்திலேயே சிரித்தார்கள்.

"எப்படிட்டி தெரிஞ்சுது உனக்கு? நான் அடிக்கதுக்கு முன்னாலயே போயிட்டியே."

"இடப்பக்கம் அடிக்குமுன்ன நீ மட்டையத் தட்டுவ. டைரியில இருக்கு."

மெஹர் எழுந்து உட்கார்ந்தாள். "அடிப்பாவி. மூணு வருசமா என் கூட இருந்துக்கிட்டு எழுதி வச்சிருக்கா பாரு. இன்னும் என்னென்ன இருக்கு அதுல?"

"வழிய விடுங்க தாயி," என்றார் அண்ணாச்சி. "இவங்களுக்கு எண்ண காயுது."

ஜூலை 13, ஞாயிறு.
வழுக்கல் 10/10. ஷாட் 20, தடுத்தது 16. கம்பத்தில் பட்டது 1, கணக்கில் சேராது. மெஹரிடம் மட்டை தட்டுவதைச் சொல்லியிருக்கக் கூடாது. இனி தட்ட மாட்டாள். அம்மா லே எவ்வளவு தூரம் என்று நாலு முறை கேட்டாள். ஐஸில் நிற்க முடியுமா என்று தெரியவில்லை.
நாளை: காலை ஆறு மணிக்குப் பேடு இரண்டையும் சீயக்காய் போட்டு மூன்று முறை கழுவ வேண்டும்.